ஓய்வும் படுக்கையும் – கடிதம்

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். என் அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'ஒரு மாதம் ரெஸ்ட்' என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. சாப்பாடும் கட்டிலுக்கே வந்துவிடுகிறது. பாத்ரூமுக்கு அண்ணன் பிடித்துக்கொண்டு போகிறான்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, இருமலும் குறைந்துவிட்டது. ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கால் நடுங்குகிறது. 'இன்னும் தேறவில்லை, ரெஸ்ட் போதாது' என்கிறான் அண்ணன். எனக்கோ வீட்டுக்கு வந்த அன்று இருந்ததைவிட அப்பா மெலிந்துவிட்டதாகத் தெரிகிறது. ராப்பகலாகக் கூடவே இருந்து அம்மாவும் தளர்ந்துபோய்விட்டார். ரெஸ்ட் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் எதை?

ஒரு வாசகி,
திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கண்ணில் பட்டதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் நுரையீரல் தேறிவருகிறது. அவரை இப்போது தளர்த்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்தக் கட்டில்தான்.

எழுந்து நிற்கும்போது ரத்தம் மொத்தமாகக் காலுக்கு இறங்கிவிடாதபடி ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்ளும். நாள்கணக்கில் படுத்தே இருந்தால் அது மந்தமாகிவிடும், ரத்தத்தின் நீரளவும் குறையும். அதனால்தான் தலைசுற்றல். தசையும் வேகமாகக் கரையும். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. மல்லாந்தே படுத்திருப்பவருக்கு நுரையீரலின் பின்பகுதி சரியாக விரியாமல் சளி தங்கும். நிமோனியாவிலிருந்து மீள்கிறவருக்கு இது கூடவே கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. நாள் கூடக்கூடத் தளர்ச்சி கூடும், தளர்ச்சியைப் பார்த்து வீட்டில் இன்னும் ஓய்வு கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

இளைஞர்களுக்கே இந்த நிலைதான். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி பரிசோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது.

அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். மருத்துவமே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் கிடத்திய காலம் இருந்தது. புரண்டு படுக்கக்கூட அனுமதி கிடையாது, மலம் கழிக்கவும் பெட்பேன்தான். அவர்களில் பலர் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்து இறந்தார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கத் தொடங்கினார்கள். சக மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1952இல் 81 நோயாளிகளைப் பற்றிய அவர்களது கட்டுரை வந்தபிறகு மெல்ல மெல்ல வழக்கம் மாறியது. மாற்றிப் போட்டது ஒரு நாற்காலி! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். காசநோய்க்குச் சானடோரியம் என்ற தனி மருத்துவ விடுதிதான் கதி என்றிருந்த காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கும் மற்றவர்களை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருசாராருக்கும் அதே மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். சாப்பாடும் ஓய்வும் அவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைத்தன. ஆனால் 1959இல் முடிவுகள் வந்தபோது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். நோயைக் குணமாக்கியது மருந்து, படுக்கை அல்ல. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பள்ளிப் பாடங்களில் இது இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் ஓய்வே வேண்டாமா? வேண்டும். எலும்பு முறிந்தால் அந்த எலும்புக்கு ஓய்வு. மற்ற உறுப்புகளை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருந்தால், ஓரிரு நாள் படிப்பையும் செல்போன் திரையையும் குறைத்துவிட்டு, பிறகு படிப்படியாகப் பழைய நிலைக்கு வரலாம். முதுகு பிடித்துக்கொண்டால் முடிந்த அளவு நடமாடுகிறவர்தான் சீக்கிரம் தேறுகிறார். கருத்தரிப்பு சிகிச்சையில் கரு வைத்தபின் நம் பெண்களை 'பெட் ரெஸ்ட்' என்று கிடத்திவிடுகிறார்கள். அதனால் கரு தங்கும் வாய்ப்பு கூடுவதாக ஆதாரம் இல்லை. நேர்மாறாக, சிலருக்குக் கோவிட் போன்ற தொற்றுக்குப் பின் சிறு வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகிவிடும். 'நட, நட' என்று அவர்களை விரட்டுவது கொடுமை. அவர்கள் சக்தியை அளந்துதான் செலவிட வேண்டும்.

எனவே ரெஸ்ட் என்று எழுதினால், எந்த உறுப்புக்கு, எந்த வேலையிலிருந்து, எத்தனை நாள் என்பதையும் மருத்துவர் சொல்லியாக வேண்டும். மாத்திரைக்கு எத்தனை வேளை என்று எழுதுகிறோம் அல்லவா? உங்கள் அப்பாவுக்கு எழுதியது பெரும்பாலும் 'வேலைக்குப் போகாதீர்கள், பளு தூக்காதீர்கள், வெயிலில் அலையாதீர்கள், நன்றாகத் தூங்குங்கள்' என்ற பொருளில்தான் இருக்கும்.

ஓய்வு உடனடியாகத் தேவைப்படுகிறவர் உங்கள் அம்மா. அவருக்கு யாரும் சீட்டு எழுதித் தரவில்லை. ஓயாமல் உழைக்கும் இதயம்கூட ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே ஓய்வெடுக்கிறது, பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குச் சுமார் 0.8 விநாடி, அதில் 0.3 விநாடி சுருங்கும், மீதி 0.5 விநாடி தளர்ந்திருக்கும். தன் தசைக்கான ரத்தத்தை அது பெரும்பாலும் பெறுவது அந்தத் தளர்வில்தான். இரவு முறையை அண்ணனும் நீங்களும் பங்கிட்டுக்கொண்டு, அம்மாவை வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். பகலிலும் இடையிடையே யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் அவருக்குக் கிடைக்கட்டும்.

அப்பாவுக்கு, சிகிச்சை அளித்த மருத்துவரிடம் முதலில் ஃபோனில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் நாளைக்கே மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கட்டிலிலிருந்து எழும் முன் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும், அப்புறம் நிற்கட்டும். அண்ணன் பக்கத்திலேயே நிற்கலாம், ஆனால் தூக்க வேண்டாம். முதல் நாள் கூடம் வரை, பிறகு வாசல் வரை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். முட்டை, பருப்பு, தயிர் தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதன் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம்.

அன்புடன்.