வன்னி அரிசி கடைக்கு வரும் வழியில் எதை முதலில் மாற்றலாம்?

கிளிநொச்சியில் கடை நடத்தும் ஒருவர், தான் விற்கும் அரிசி மண்ணுக்கும் கமக்காரருக்கும் கேடில்லாமல் வர எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

பலரும் பொலித்தீன் பையில் தொடங்குவார்கள். நான் நெல் காயப்போடும் தளத்தில் தொடங்குவேன். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கினால்தான் நெல் களஞ்சியத்தில் தாங்கும். காயவைக்க இடமில்லாதவர், கடனும் நெருக்க, ஈரநெல்லை வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். அது லொறியில் பொலன்னறுவை ஆலைக்குப் போய், பைக்கற் அரிசியாக இங்கேயே திரும்புவதும் உண்டு. (அந்த டீசல் யார் கணக்கு?) ஊர்ச் சங்கத்துக்குத் தளமும் களஞ்சியமும் இருந்தால் பொறுத்து விற்கலாம். உள்ளூர் ஆலையில் குற்றினால் உமியே நெல் அவிக்க எரிபொருள்.

உரம்? 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடுத்தது. நவம்பரில் தடையை விலக்கியும் அந்தக் காலபோக (மாரிகால நெற்செய்கை) விளைச்சல் விழுந்தது. அதனால் மண்ணைப் பரிசோதித்துப் படிப்படியாகக் குறைப்பதே சரி. அப்புறம் பையைப் பார்க்கலாம்.