குமிழி இல்லாத தண்ணீரைத் தேடுங்கள்

கேள்வி: என்னுடையது 18 அடி ஃபைபர் படகு. பின்னால் ஒரே ஓர் அவுட்போர்டு எஞ்சின். மீன் இருக்கும் இடத்தையும் ஆழத்தையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் வாங்கப் போகிறேன். அதன் ஒலி உணரியான ட்ரான்ஸ்டியூசரைப் படகுக்குள்ளேயே ஒட்டிவிடலாம், துளை போடும் வேலையே இல்லை என்கிறார் கடைக்காரர். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகுவதுதான் சரி என்கிறார் உடன் தொழில் செய்யும் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நண்பர் பேச்சைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எல்லாப் படகுக்கும் அது பொருந்தாது.

ட்ரான்ஸ்டியூசர் ஒலித் துடிப்பைத் தண்ணீருக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் பாயும். 30 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு போதும். இந்தப் போக்குவரத்தைக் கெடுப்பது காற்று. தண்ணீரில் வரும் ஒலி காற்றைச் சந்தித்தால் பெரும்பாலும் அங்கேயே பட்டுத் திரும்பிவிடும். மீன் நமக்குத் தெரிவதற்கும் அதே குணம்தான் காரணம்: அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் வலுவான எதிரொலியைத் தருகிறது. ஆனால் அந்தக் காற்று ட்ரான்ஸ்டியூசரின் முகத்தருகே குமிழிகளாக ஓடினால், 9 அங்குலத் திரையாக இருந்தாலும் அதில் புள்ளிகள்தான் சிதறிக் கிடக்கும். திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், ட்ரான்ஸ்டியூசர் உட்காரப் போகும் இடத்தை யோசியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

உள்ளே ஒட்டும் முறை, நடுவில் எதுவும் இல்லாத கெட்டி ஃபைபர் அடிப்பாகத்துக்கு மட்டும்தான். பல படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே நுரையோ மரமோ வைத்திருப்பார்கள். ஒலி அதைத் தாண்டாது. மரப் படகிலும் அலுமினியப் படகிலும் இந்த முறை வேண்டாம். உங்கள் படகு எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒட்டும் முன் சோதித்துவிடலாம். மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் இட்டு, ஒட்ட நினைக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன்மேல் பையை வையுங்கள். வரும் படத்தைப் பாருங்கள். பிறகு அதே ட்ரான்ஸ்டியூசரைப் படகின் பக்கவாட்டில் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லையென்றால் தாராளமாக ஒட்டலாம். மெதுவாக இறுகும் எபாக்சி பசைதான் வேண்டும். பசைக்குள் ஒரு குமிழி சிக்கினாலும் வேலை கெட்டது. இன்னொன்று: உள்ளே ஒட்டினால் கருவி காட்டும் வெப்பநிலை கடல்நீருடையது அன்று, படகின் அடிப்பாகத்துடையது. நீரின் சூடு பார்த்து மீன் தேடுகிறவருக்கு இது பெரிய இழப்பு.

இனிப் பின்பலகை. துளைக்கருவியைக் கையில் எடுக்கும் முன் ஒருவரைப் படகு ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து, அடியிலிருந்து தண்ணீர் வெளிவரும் இடத்தைக் கவனியுங்கள். சில இடங்களில் வெள்ளையாக நுரைத்து வரும். சில இடங்களில் கண்ணாடிபோல் வழவழவென்று வரும். அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் உங்கள் இடம். நான் முதன்முதலில் பொருத்தியது, அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஓடும் ஒரு விளிம்பு முடியும் இடத்துக்கு நேர் பின்னால். பார்வைக்கு அழகாக அமைந்திருந்தது. ஓடத் தொடங்கினால் ஆழமே காட்டவில்லை. ஒரு சாண் தள்ளி மாற்றிய அன்றே சரியாகிவிட்டது. விளிம்பு, ஆணித்தலை, தண்ணீர் உறிஞ்சும் துவாரம் எதற்கும் பின்னால் வைக்காதீர்கள்.

எஞ்சின் விசிறியிலிருந்து குறைந்தது 38 செ.மீ. விலகியிருக்கட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி கடிகாரச் சுற்றில் சுழன்றால் வலப்பக்கம் நல்லது. அந்தப் பக்கம் இதழ்கள் கீழ்நோக்கி இறங்குவதால் கலக்கம் குறைவு. ஃபைபர் படகில் ட்ரான்ஸ்டியூசரின் முகம் அடிப்பாகத்தைவிட ஏறத்தாழ 3 மி.மீ. கீழே இருந்தால் போதும். அலுமினியத்தில் 10 மி.மீ. படகு மிதக்கும்போது முகம் நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். இந்த அளவுகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். உங்கள் பெட்டியில் வரும் கையேட்டின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை போட மனம் வராவிட்டால், தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் பின்பலகையில் ஒட்டி, திருகுகளை அந்தப் பலகையிலேயே இறக்கலாம். இடம் தவறினால் மாற்றவும் வசதி. நேரடியாகத் துளைப்பதானால் ஒவ்வொரு துளையையும் கடலுக்கேற்ற சீலன்ட் (நீர்க்கசிவைத் தடுக்கும் பசை) வைத்து அடையுங்கள். நீர் புகுந்த பின்பலகை உள்ளுக்குள் உளுத்துப்போகும், வெளியே தெரியாது.

கேள்வி: புதிதாக வாங்கிய கருவி. படகு நின்றால் அடித்தரை தெளிவாகத் தெரிகிறது, ஓடினால் மறைந்துவிடுகிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். படகைக் கட்டி நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் முடுக்குங்கள். அப்போதே திரையில் கோடும் புள்ளியும் வந்தால் அது மின்சாரத் தொல்லை. ட்ரான்ஸ்டியூசர் கேபிளை எஞ்சின் வயர்களிலிருந்தும் வி.எச்.எஃப். ரேடியோ வயரிலிருந்தும் பிரித்துக் கொண்டு போங்கள். கையேட்டில் சொன்ன அளவு ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். எஞ்சினை முடுக்கியும் படம் கெடாமல், படகு நகரும்போது மட்டும் கெட்டால் காரணம் குமிழிதான். ட்ரான்ஸ்டியூசரை 2 அல்லது 3 மி.மீ. இறக்கி ஓட்டிப் பாருங்கள். பயனில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். இரண்டையும் செய்த பிறகும் சரியாகாவிட்டால் பில்லோடு கடைக்குப் போங்கள். அதுவரை மீதிக் கேபிளை வெட்டிவிடாதீர்கள், சுருட்டிக் கட்டி வையுங்கள். வெட்டினால் உத்தரவாதம் போய்விடக்கூடும்.

கேள்வி: மரப் படகின் அடியில் துளைத்துப் பொருத்தும் வகை ட்ரான்ஸ்டியூசருக்கு பிளாஸ்டிக் உறை மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மரம் நீரில் ஊதும். அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அடியில் ஓட்டை. மரத்துக்கு வெண்கல உறைதான். அலுமினியப் படகு என்றால் நேர் எதிர்: வெண்கலம் பட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும், அங்கே பிளாஸ்டிக் வாங்குங்கள். எதை வாங்கினாலும், ப்ளக்கின் முனைகளை எண்ணி, உங்கள் கருவியின் சாக்கெட்டோடு பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.