நிரல் எழுதத் தெரியாத மாணவர் மூளை அறிவியல் ஹேக்கத்தானுக்குப் போகலாமா?

கேள்வி: நான் உயிரியலில் முதுகலை படிக்கிறேன். 'பிரெயின்ஹேக்' போன்ற மூளை அறிவியல் ஹேக்கத்தான்களுக்கு விண்ணப்பிக்கும்படி என் பேராசிரியர் சொல்கிறார். எனக்கு நிரல் எழுத வராது. போனால் ஏதாவது பயன் உண்டா, அல்லது மூன்று நாளும் ஓரமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?

பதில்: தயங்காமல் போகலாம். நானும் ஏறத்தாழ உங்கள் நிலையில்தான் போனேன். இமேஜிங் டெக்னாலஜியில் இளங்கலை முடித்து, மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தில் இரண்டு ஆண்டுகள் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்கிவிட்டு, அதன் பிறகு வெளிநாட்டில் முதுகலை படிக்கச் சென்றவன் நான். முதல்முறை பிரெயின்ஹேக்கில் கலந்துகொண்டபோது பைத்தான் என்ற நிரல் மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் இணையப் பாடத்தின் முதல் நான்கு அத்தியாயங்கள் மட்டுமே.

முதலில், இந்த ஹேக்கத்தான் கல்லூரி விழாக்களில் நடக்கும் ஹேக்கத்தானைப் போன்றது அல்ல. அங்கே 24 மணி நேரம் கண்விழித்து ஒரு செயலியைச் செய்து, நடுவர்கள் முன் காட்டி, முதல் பரிசுக் காசோலையை வாங்கிக்கொண்டு போவார்கள். 2012ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கிய பிரெயின்ஹேக்கில் போட்டிக்கு இடமில்லை. முதல் நாள் காலையில், ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்திருப்பவர்கள் மேடையேறி, இரண்டு மூன்று நிமிடங்களில் அதை விளக்கி, யார் யார் உதவிக்கு வேண்டும் என்று கேட்பார்கள். மற்றவர்கள் தமக்குப் பிடித்த மேசையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் மதியம் எழுந்து வேறு மேசைக்குப் போகலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி நாள் மாலையில் ஒவ்வொரு குழுவும் எதுவரை வந்தோம் என்று சொல்லும். 2017 முதல் ஒரே காலகட்டத்தில் பல நாடுகளின் நகரங்களில் இதை நடத்துகிறார்கள்.

போட்டியைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 2011இல் ஏ.டி.எச்.டி.-200 என்ற உலகளாவிய போட்டி நடந்தது. எட்டு மையங்களில் எடுக்கப்பட்ட குழந்தைகள், பதின்வயதினரின் மூளைப் படிமங்களைப் பொதுவில் கொடுத்து, அவற்றைக் கொண்டு யாருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) இருக்கிறது என்று கணிக்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழு படிமங்களைத் தொடாமலே வயது, பாலினம், கைப்பழக்கம், நுண்ணறிவு மதிப்பெண், ஸ்கேன் எடுக்கப்பட்ட மையம் ஆகியவற்றை மட்டும் வைத்துச் சுமார் 62 சதவீதம் சரியாகக் கணித்துவிட்டது. அதுவே அந்தப் போட்டியில் பெறப்பட்ட மிக உயர்ந்த துல்லியம். படிமத்தைப் பயன்படுத்தவில்லை என்பதால் அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. மதிப்பெண்ணை உயர்த்துவது ஒன்றே இலக்காக இருக்கும் இடத்தில், தரவுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று நிதானமாகப் பார்க்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. பிரெயின்ஹேக்கின் மேசைகளில் அந்தப் பொழுது இருக்கிறது. நிரல் தெரியாத ஒருவருக்கு அங்கே வேலை கிடைப்பதும் அதனால்தான்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆய்வுக் குழு பல ஆண்டுகளுக்கு முன்பு, மொழித்திறன் பற்றிய ஓர் ஆய்வுக்காக எடுத்த 24 பேரின் மூளைப் படிமங்களைப் பொதுவில் வெளியிட விரும்பியது. அதற்கு முன் அவற்றை 'பிட்ஸ்' என்னும் ஒழுங்குக்கு மாற்ற வேண்டும். பிட்ஸ் என்பது மென்பொருள் அல்ல, ஓர் ஏற்பாடு. இன்னாரின் படிமம் இந்தப் பெயருள்ள கோப்புறையில் இருக்க வேண்டும், கோப்பின் பெயரில் இன்னின்ன விவரம் இந்த வரிசையில் வர வேண்டும், ஸ்கேன் எடுத்த அமைப்புகள் பக்கத்திலேயே 'ஜேசான்' என்ற உரைக்கோப்பில் இருக்க வேண்டும் என்று 2016இல் ஆய்வாளர்கள் கூடி வகுத்துக்கொண்ட விதிமுறை அது. ஒவ்வோர் ஆய்வகமும் தன் மனம்போன போக்கில் 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும்.

எங்கள் மேசையில் ஐந்து பேர். இயற்பியலிலிருந்து மூளை ஆய்வுக்கு வந்த ஒரு முனைவர் பட்ட மாணவர்தான் நிரலின் பெரும்பகுதியை எழுதினார். நான் செய்த வேலை, அவர் மாற்றித் தந்த படிமங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு பட்டியலில் குறிப்பது. சலிப்பான வேலைதான், ஆனாலும் ஸ்கேன் மையத்தில் ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய சிரமமாக இல்லை.

ஏழாவது படிமத்தைத் திறந்தபோது நெற்றிப்பொட்டுக்கு வெளியே, தோலை ஒட்டி, அவரை விதை அளவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. முந்தைய ஆறையும் மீண்டும் திறந்தேன். எல்லாவற்றிலும் அது இருந்தது. இயற்பியல் மாணவர் எட்டிப் பார்த்து, "படத்தில் வரும் வெறும் இரைச்சல்தான், முகத்தை நீக்கும்போது இதுவும் போய்விடும்" என்றார். பொதுவில் வெளியிடும் முன், ஆளை அடையாளம் காண முடியாதபடி படிமத்திலிருந்து முகப்பகுதியை அழிப்பது வழக்கம். அதற்கான நிரலை ஓட்ட அவர் தயாராக இருந்தார்.

எனக்கு அது இரைச்சலாகத் தோன்றவில்லை. மதுரையில், உடம்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று வருகிறவர்களிடம் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லி, அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் பச்சை நிற எவியான் மாத்திரை ஒன்றை பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத்தான் இயந்திரத்துக்குள் அனுப்புவோம். மாத்திரைக்குள் இருப்பது வைட்டமின் ஈ எண்ணெய். எம்.ஆர்.ஐ.யில் டி1 என்ற வகைப் படிமத்தில் எண்ணெய்ப் பொருள்கள் வெள்ளையாகப் பளிச்சிடும். கட்டி எங்கே என்று மருத்துவருக்கு அது காட்டிக்கொடுக்கும். ஆய்வு ஸ்கேன்களில் இதே மாத்திரையைத் தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டுவது உண்டு, எது இடது, எது வலது என்று பின்னால் குழம்பாமல் இருப்பதற்காக.

இடது வலது குழம்புமா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே குழம்பும். மூளையின் இரு பாதிகளும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், படிமம் கண்ணாடி பிம்பம்போலத் திரும்பியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கதிரியக்க மருத்துவர்கள் நோயாளியின் கால்பக்கம் நின்று பார்ப்பதுபோல் படிமத்தை வைப்பார்கள். அதனால் அவருடைய இடப்பக்கம் திரையின் வலப்பக்கத்தில் இருக்கும். மூளை ஆய்வாளர்கள் பலர் இதற்கு நேர்மாறாக வைப்பார்கள். போதாக்குறைக்கு, அந்த ஆய்வகம் பயன்படுத்தியிருந்த 'அனலைஸ்' என்ற பழைய கோப்பு வடிவம் எந்தப் பக்கம் எது என்பதை நம்பத்தகுந்த விதத்தில் பதிவுசெய்வதில்லை. பின்னால் வந்த 'நிஃப்டி' வடிவம் உருவாக்கப்பட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு முக்கியக் காரணம். மொழி ஆய்வில் இது சின்ன விஷயம் அல்ல. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மொழி சார்ந்த செயல்பாடு இடது பாதியில்தான் ஓங்கியிருக்கும் என்பதால், பக்கம் மாறினால் ஆய்வே தலைகீழாகிவிடும்.

24 படிமங்களையும் பார்த்து முடித்தபோது 21இல் புள்ளி ஒரு பக்கமும், மூன்றில் மறுபக்கமும் இருந்தது. அந்த மூன்றையும் திருப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று மேசையில் எல்லோரும் முடிவு செய்தோம், நான் உட்பட. ஆனாலும் மாத்திரையை எந்தப் பக்கம் ஒட்டினீர்கள் என்று தரவுக்கு உரியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தோம். மறுநாள் மாலை பதில் வந்தது. பழைய குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னார்கள்: எப்போதும் வலது நெற்றிப்பொட்டில். அந்தக் கணக்கின்படி சரியாக இருந்தவை அந்த மூன்றுதான். மற்ற 21உம் எங்கள் நிரல் மாற்றியபோது திரும்பியிருந்தன. பழைய கோப்புகளில் பக்கங்கள் எதிர்வரிசையில் எழுதப்பட்டிருப்பதை நிரல் அறிந்திருக்கவில்லை. மூன்று கோப்புகளை மட்டும் யாரோ எப்போதோ வேறொரு மென்பொருளில் திறந்து மீண்டும் சேமித்திருக்கிறார்கள். முகம் நீக்கும் நிரலை முதல் நாளே ஓட்டி, மூலக்கோப்புகளைத் தூக்கிப்போட்டிருந்தால் அந்த வெள்ளைப் புள்ளியும் போயிருக்கும், தவறைக் கண்டுபிடிக்கும் வழியும் போயிருக்கும்.

இதில் நான் எழுதிய நிரல் ஒரு வரிகூட இல்லை. இயற்பியல் மாணவர் மாற்றத்தைச் செய்தார். தரவோடு சேர்த்து வைக்கும் 'படித்துவிட்டுத் தொடங்குக' (ரீட்மீ) என்ற விளக்கக் கோப்பில் மாத்திரையைப் பற்றிய பத்தியை நான் எழுதினேன். ஆனால் அந்தப் பத்தியை, நிரல்களையும் கோப்புகளையும் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுவதற்காக என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்த இருபது நிமிடங்களில், ஆறு மாதமாகக் காணொளி பார்த்தும் பிடிபடாத 'கிட்' (கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்) எனக்குப் பிடிபட்டது. தேவை ஏற்பட்ட இடத்தில் ஒருவர் கூடவே இருந்து சொல்லித் தரும்போது மண்டையில் ஏறுவது வேறு எந்த வழியிலும் ஏறுவதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளின் பாதி, மென்பொருளை நிறுவுவதிலேயே போய்விடும். பைத்தான், கிட் இரண்டையும் வீட்டிலேயே நிறுவி, மூளைத் தரவுகளைப் பகிரும் 'ஓப்பன்நியூரோ' தளத்திலிருந்து சிறிய தரவுத்தொகுதி ஒன்றை இறக்கி, படங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். அந்தத் தளத்தில் இருப்பவை எல்லாம் பிட்ஸ் ஒழுங்கில், கட்டணமின்றிக் கிடைக்கும். அடுத்தது, சத்தமாகப் பேசுகிறவர்களின் மேசைக்குத்தான் கூட்டம் சேரும். நல்ல வேலை பெரும்பாலும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் நடக்கும். மூன்றாவது குறைதான் பெரியது. எல்லோரும் ஊருக்குத் திரும்பியதும் பல வேலைகள் அப்படியே நின்றுபோகின்றன. எங்களுடையது முழுமையாக வெளியாக இன்னும் நான்கு மாதங்கள் ஆயின, அதுவும் ஒருவர் விடாமல் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்ததால்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் 'நியூரோஹேக்கடமி'யில் முதல் வாரம் பாடங்களும் இரண்டாம் வாரம் கூட்டு வேலையுமாக இரண்டு வாரம் நடக்கும். பாடங்களின் காணொளிகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2020இல் தொடங்கிய 'நியூரோமேட்ச் அகாடமி' முழுவதும் இணையவழிதான். சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் உதவி ஆசிரியரைக் கொடுத்து நடத்துகிறார்கள், கட்டணமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரெயின்ஹேக்கை எந்த ஊரிலும் உள்ளூர்க் குழு ஒன்று முன்வந்து நடத்தலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுக்களின் மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி எடுத்த 5,132 படிமங்கள் கொண்ட தரவுத்தொகுதியைத் 'தரணி' என்ற பெயரில் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. திசுவைப் பார்த்து, இது இன்ன பகுதி என்று சொல்லத் தெரிந்த உயிரியல் மாணவர்களுக்கு அதில் செய்ய வேலை நிறைய இருக்கும். நான் சென்னையில் இருந்திருந்தால் அதை வைத்து ஒரு மேசையாவது போட்டிருப்பேன்.

விண்ணப்பத்தில் பைத்தான் தெரியும் என்று பொய் எழுத வேண்டாம். முதல் நாள் மதியத்துக்குள் தெரிந்துவிடும். உங்கள் கைக்குப் பழகியது எதுவோ, எலி மூளையை வெட்டுவதோ, சாயமேற்றுவதோ, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவதோ, அதை விவரமாக எழுதுங்கள். 'மூளை அறிவியலில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு' என்று மட்டும் எழுதிய என் விண்ணப்பம் ஒன்று ஓரிடத்தில் நிராகரிக்கப்பட்டது. அதே இடத்துக்கு அடுத்த ஆண்டு பச்சை மாத்திரையைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்பினேன். பயணச் செலவில் பாதியைக் கொடுத்துக் கூப்பிட்டார்கள்.