வலி என்று சொல்பவரிடம் அதையும் கேட்கலாமா?

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர் நான். தக்காளி விவசாயி ஒருவர் மூன்று மாதமாக மேல்வலி, தூக்கமில்லை என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டும் குறையவில்லை. போன வாரம், "நான் இருந்து யாருக்கு என்னம்மா லாபம்?" என்றார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டால், இல்லாத நினைப்பை நானே ஊட்டிவிடுவேனோ?
– வாசகி, சூளகிரி

பதில்: தயங்காமல் கேளுங்கள், சகோதரி. கேட்பதனால் தற்கொலை எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே என்று பலரும் ஆறுதலே அடைகிறார்கள்.

நம் பக்கத்தில் மனசு சரியில்லை என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குவோர் குறைவு. மேல்வலி, தலைப்பாரம், படபடப்பு, பசியின்மை என்ற பெயர்களில்தான் மனச்சோர்வு வரிசையில் வந்து நிற்கும். ரத்தசோகை, தைராய்டு போன்றவற்றையும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வாரமாக மனம் சோர்ந்தே கிடக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்தவற்றில் நாட்டம் போய்விட்டதா என்னும் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், மேலே விசாரித்தாக வேண்டும்.

வீட்டார் சற்றுத் தள்ளியிருக்கும்போது, ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றியபடியே தொடங்குங்கள்: வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா, உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா, எப்படி என்றும் யோசித்திருக்கிறாரா, முன்பு முயன்றதுண்டா. "தப்பா எதுவும் நினைக்கறதில்லையே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், 'இல்லை' என்ற பதிலை நாமே எடுத்துக்கொடுப்பது அது. (மருத்துவர்களும் இப்படிக் கேட்டுவிடுவதுண்டு.) குடி, கடன் பற்றியும் விசாரியுங்கள்.

எண்ணத்தோடு திட்டமும் இருந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அகற்றச் சொல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம். போலீஸ் கேஸுக்குப் பயந்து முந்தைய முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் உண்டு; 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து அவரைக் காக்கிறது.

மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலே நாளில் 'கேட்கவில்லை' என்று பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த வாரங்களில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், முதல்முறை கேட்டதையே மறுபடியும் கேளுங்கள்.