வாத்தியார் பதில்கள்: தெளிவு ரசமும் முகாம் சூப்பும்

கேள்வி: நாஜி வதைமுகாம்களைப் பற்றி எங்கே படித்தாலும் ‘லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கொல்லப்படும் வரை அங்கே எப்படி வாழ்ந்தார்கள், சார்?
– பிளஸ் டூ மாணவி, மடிப்பாக்கம்

நல்ல கேள்வி அம்மா. ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள். போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 13 லட்சம் பேரில், கைதி என்று பதிவானவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர்தான். முதியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லாம் ரயிலை விட்டு இறங்கிய சில மணி நேரத்திலேயே விஷவாயு அறைக்குப் போய்விட்டார்கள். முகாம் வாழ்க்கை என்று அவர்களுக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்பது மிச்சம் இருந்தவர்களின் கதை.

உள்ளே போனதும் துணி, தலைமுடி, பெயர் மூன்றும் போய்விடும். பெயருக்குப் பதில் எண். அதைக் கையில் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான். சினிமாவில் எல்லா முகாமிலும் குத்துவதுபோல் காட்டுவார்கள், நம்பாதே. சட்டையில் ஒரு முக்கோணத் துணி தைத்திருக்கும். அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளிக்குப் பச்சை, ஓரினச்சேர்க்கையாளருக்கு இளஞ்சிவப்பு. யூதர்களுக்கு மஞ்சள் சேர்ந்த நட்சத்திரம்.

கோடையில் விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் பலர் படுத்திருந்தது குதிரை லாயத்துக்காக வரைந்த மரக்கொட்டகைகளில். 52 குதிரைகளுக்கான இடத்தில் நானூறு பேருக்கு மேல். எழுந்ததும் வரிசையில் நிற்க வேண்டும், தலைகளை எண்ணுவார்கள். இரவில் யாராவது செத்திருந்தால் அந்த உடலையும் தூக்கி வந்து வரிசையில் வைக்க வேண்டும், கணக்கு சரியாக வரவேண்டுமே! அப்புறம் குறைந்தது 11 மணி நேர வேலை. மாலையில் திரும்பியதும் மறுபடி எண்ணிக்கை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் காபி என்ற பெயரில் ஏதோ ஒரு கறுப்புத் தண்ணீர். மதியம் கிழங்கு போட்ட சூப். இரவு சுமார் 300 கிராம் ரொட்டி, அதன்மேல் துளி மார்ஜரினோ ஜாமோ. அந்த ரொட்டியில் பாதியை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தால் திருடு போகும், தின்றால் காலையில் ஒன்றும் இருக்காது. தின்றுவிடுவதே மேல் என்று நினைத்தவர்கள் நிறைய.

சூப் விஷயத்தில்தான் முகாமின் முழு அரசியலும் இருந்தது. நம் வீட்டில் ‘தெளிவாக ஊற்று’ என்று ரசத்தை மேலாகக் கேட்போம் அல்லவா? அங்கே எல்லாரும் ஏங்கியது அடிமண்டிக்கு. கிழங்குத் துண்டுகள் அண்டாவின் அடியில் தங்கிவிடும். முன்னால் நின்றால் வெறும் தண்ணீர். ரொம்பப் பின்னால் நின்றால் அண்டா காலியாகிவிடலாம். எங்கே நிற்பது என்று கணக்குப் போடுவதே ஒரு பிழைப்பு. கரண்டியைப் பிடித்திருந்தவரும் ஒரு கைதிதான். தனக்கு வேண்டியவர்களுக்கு அடியிலிருந்து அள்ளுவார். காவலர்கள் கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் கைதியை வைத்தே கைதியை ஆண்டார்கள். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். இந்தக் கரண்டியைப் புரிந்துகொண்டால் அந்த முகாமே புரிந்துவிடும் என்பேன்.

பெண்கள் இன்னொன்றும் செய்தார்கள். ராவன்ஸ்ப்ரூக் போன்ற முகாம்களில், பட்டினியோடு படுத்துக்கொண்டே ஒருவருக்கொருவர் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டார்கள். இத்தனை முட்டை, இவ்வளவு வெண்ணெய் என்று அளவோடு. கிடைத்த காகிதத்தில் எழுதியும் வைத்தார்கள். அவற்றில் சில இன்றும் இருக்கின்றன.

கேள்வி: அவ்வளவு பேர் இருந்தும் ஏன் திருப்பி அடிக்கவில்லை?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

அடிக்கவில்லை என்று யார் சொன்னது? 1943 அக்டோபர் 14 அன்று போலந்தில் இருந்த சோபிபோர் முகாமில் கைதிகள் காவலர்களைக் கொன்றுவிட்டு, சுமார் 300 பேர் வேலி தாண்டினார்கள். 1944 அக்டோபர் 7 அன்று பிர்கெனாவில் பிணம் எரிக்கும் வேலையில் இருந்த கைதிகள் கலகம் செய்தார்கள். அதற்கு வெடிமருந்தை ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து துளித் துளியாகக் கடத்தியதற்காக நான்கு பெண்களைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் தப்பினால் மிச்சம் இருப்பவர்கள் அனுபவிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 1940 ஜூலையில் ஆஷ்விட்ஸிலிருந்து முதல் கைதி தப்பியபோது, மற்றவர்களை 19 மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வைத்தார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை நானும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம்.

கேள்வி: இந்தியர் யாராவது அங்கே இறந்தார்களா?
– வாசகர், மயிலாப்பூர்

நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வழி வந்தவர். பிரிட்டிஷ் உளவுப்பிரிவின் வயர்லெஸ் ஆபரேட்டராகப் பாரிஸில் வேலை செய்து பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: விடுதலையான பிறகும் ஆயிரக்கணக்கில் இறந்தார்களாமே?
– நர்ஸ், கீழ்ப்பாக்கம்

ஆமாம். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை ஜெர்மனியில் இருந்த பெர்கன் பெல்சன் முகாமுக்குள் நுழைந்தபோது சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் 13,000 பேருக்கு மேல் அதன் பிறகு இறந்தார்கள். டைபஸ் காய்ச்சல் ஒரு காரணம். இன்னொன்று, இரக்கப்பட்டு சிப்பாய்கள் கொடுத்த டின் உணவு. காய்ந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடைசியில் எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட அரிசி-சர்க்கரைக் கலவையை. ஐரோப்பியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பாப்ரிகா மிளகாய்த்தூள் சேர்த்த பிறகே கொஞ்சம் இறங்கியது. லட்சக்கணக்கான வங்காளிகளைச் சாகவிட்ட அதே பிரிட்டிஷ் நிர்வாகத்தின் மருந்து ஜெர்மனியில் உயிர் காக்கப் போனதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கேள்வி: என் தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து ‘சயாம் ரயில்’ வேலைக்குப் போனவர். அதுவும் இதுபோன்ற முகாமா?
– வாசகர், பல்லாவரம்

கொல்வதற்கென்றே கட்டியது அல்ல. ஆனால் செத்தால் கவலைப்படாத முகாம். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் முடித்தார்கள். மலேயாத் தமிழர்களைச் சம்பள ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டும் போனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளோடு அவர்களுடைய ராணுவ டாக்டர்களும் இருந்தார்கள், யார் செத்தார் என்று குறித்து வைக்க அதிகாரிகளும் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு இரண்டுமே இல்லை. போர்க்கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை என்பது பரவலான மதிப்பீடு. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் சிப்பாய்களின் கல்லறைகளில் வரிசையாகப் பெயர் இருக்கிறது. தமிழருக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

தாத்தா எந்தத் தோட்டம், எந்த முகாம், எப்போது ஊர் திரும்பினார் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கடிதம், புகைப்படம் ஏதாவது இருந்தால் ஜெராக்ஸ் மட்டும் அனுப்புங்கள், அசல் வேண்டாம். தபாலில் தொலைந்தால் என்னால் தேடித் தர முடியாது.