கணவர் பேசாமல் இருந்தால் கை நடுங்குகிறது: அப்பாவிடம் கேட்டால் தீருமா?

கேள்வி: எனக்கு வயது 34, மகளுக்கு 4. கணவர் நல்லவர். ஆனால் சண்டை வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் வாயே திறக்க மாட்டார். அவ்வளவு நேரமும் எனக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். போன் மேல் போன் போடுவேன், மகளை அனுப்பிக் கூப்பிடுவேன். கடைசியில் தப்பு யார்மேல் இருந்தாலும் நானே மன்னிப்புக் கேட்பேன். என் அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேச மாட்டார். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் தூது போனது நான்தான். அதுதான் காரணமா? அப்பாவிடம் நேராகக் கேட்டுவிட்டால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காரணம் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அப்பாவிடம் போவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரியாதபோது அது பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும்: 'நான் ஒழுங்காக இருந்தால் அப்பா பேசுவார்.' தூது போகும் பிள்ளைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். 'உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குச் சோறு வேண்டாம்னு' என்று அப்பா சொன்னதை, அடுப்படிக்குப் போய் 'அப்பாவுக்கு இப்பப் பசிக்கலையாம்மா' என்று மாற்றிச் சொல்லியிருப்பீர்கள். இப்படி முகம் பார்த்துப் பேசி, கோபத்தைத் தணித்து, வீட்டைக் காப்பாற்றிய அந்தச் சிறுமிதான் இன்று செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிறாள்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் மறுபடி கொஞ்ச ஆரம்பித்ததும் மெல்லத் தேறிவிடும். நல்ல தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலேகூட அடிக்கடி தாளம் தப்பத்தான் செய்கிறது என்றும், தப்பியது மறுபடி கூடுகிறதா என்பதே முக்கியம் என்றும் அவர் காட்டினார்.

உங்கள் வீட்டில் இல்லாமல் போனது இப்படி மறுபடி கூடுவதுதான். ஒருநாள் அப்பா காபி கேட்டிருப்பார், எல்லாம் பழையபடி ஓடியிருக்கும். 'முடிஞ்சுபோச்சு கண்ணு, உன்னால இல்ல' என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே மௌனம் தானாக முடியும் என்பது உங்கள் உடம்புக்குத் தெரியாது; யாராவது கெஞ்சினால்தான் முடியும் என்றே அது நினைக்கிறது.

கணவர் பக்கத்தையும் பார்ப்போம். சண்டையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, அடங்குவதற்கு 20 நிமிடமாவது ஆகும் என்பது தம்பதியரை நீண்டகாலம் ஆராய்ந்த ஜான் காட்மனின் முடிவு. சிலருக்கு மாடி அதற்குத்தான் தேவைப்படுகிறது. ஆனால் பேசாமை நாள்கணக்கில் நீண்டாலோ, உங்களைப் பணியவைக்கும் ஆயுதமானாலோ, அது வேறு சங்கதி. அப்போது பிரச்சினை உங்கள் குழந்தைப்பருவம் இல்லை.

சண்டை இல்லாத ஒரு நாளில் அவரிடம் அப்பாவின் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாடிக்குப் போகும்முன் 'கோபமா இருக்கேன், எட்டரைக்கு வந்து பேசறேன்' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மணி சொல்வது முக்கியம். 'அப்புறம் பேசலாம்' என்பது உங்களுக்குப் போதாது. எட்டரை வரை போனைக் கையில் எடுக்காமல் இருப்பது உங்கள் பங்கு. முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். முதலில் சில தடவை நடுக்கம் கூடத்தான் செய்யும். மன்னிப்பும் எட்டரைக்குப் பிறகுதான், அதுவும் நீங்கள் செய்ததற்கு மட்டும். உங்களுக்கு இதுதான் கடினமாக இருக்கும்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன்: 'மகளை அனுப்பிக் கூப்பிடுவேன்.' இதை இன்றோடு நிறுத்துங்கள். நான்கு வயதுப் பிள்ளை மாடிப்படி ஏறும்போது கையில் இருப்பது அன்று நீங்கள் சுமந்த அதே தூதுதான். சமாதானம் ஆனபின், 'அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டோம், இப்பப் பேசிட்டோம், உன்னால இல்ல' என்று இருவருமாகச் சேர்ந்து அவளிடம் சொல்லுங்கள்.

அப்பா விஷயம். பெரும்பாலான அப்பாக்கள் 'உங்களுக்காகத்தானே உழைச்சேன்' என்பார்கள். அதைக் கேட்டு நீங்கள் இன்னொரு முறை உடைவீர்கள். கடினமான பால்யத்தைக் கடந்தவர்கள், நடந்ததை மழுப்பாமல், அதில் மூழ்கியும் போகாமல், கோர்வையாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டால் தங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பெற்றோராக முடிகிறது என்று உளவியலாளர் மேரி மெயின் 1980களில் தொடங்கிவைத்த ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோர் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், 'உங்க அப்பா உங்ககிட்ட எப்படிப்பா இருந்தார்?' என்று ஆரம்பியுங்கள். கிடைக்கும் பதில் உங்களுக்குப் பயன்படும்.

மூன்று மாதம் பார்த்தும் நடுக்கம் குறையாவிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. அடி, பாலியல் சீண்டல் போன்றவையும் பால்யத்தில் நடந்திருந்தால் தனியாக உட்கார்ந்து கிளறாதீர்கள், ஆலோசகர் துணையோடு பேசுங்கள். கூடவே ஒருமுறை தைராய்டு பரிசோதனையும் செய்துவிடுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்.