பெங்களூரு ப்ரூவரிகள்: நாலைந்து வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கும் மூன்று நண்பர்கள் நாங்கள். அங்கேயே தயாரித்து அங்கேயே ஊற்றும் பீர் சென்னையில் கிடைப்பதில்லை. ஒரு சனிக்கிழமை காரில் பெங்களூரு போய், நாலைந்து ப்ரூவரிகளோடு ஊரையும் பார்த்துவிட்டு வரலாமா?

பதில்: முதலில் ஒரு கணக்கு. சாம்பிளர் கேட்டால் சின்னக் கோப்பைகளில் ஐந்தாறு வகை வரும். கோப்பைக்கு 100 மி.லி. என்றால் ஆறுக்கு 600 மி.லி. நம்மூர் 650 மி.லி. பாட்டிலுக்கு ஒரு வாய்தான் குறைவு. பீர் 5 சதவீதம் என்றால் அதில் ஏறக்குறைய 24 கிராம் ஆல்கஹால் இருக்கும். உடம்பு மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். அதாவது ஒரு ப்ரூவரிக்கு மூன்று மணி நேரம். மூன்றாவது இடத்துக்குப் போனால் நாக்குக்கு ஒன்றும் புரியாது, பில் மட்டும்தான் புரியும்.

கார் வேண்டாம். ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி.யைத் தாண்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். காலை ஆறு மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பும் வந்தே பாரத் அல்லது சதாப்தியைப் பிடித்தால் 11 மணிக்குள் பெங்களூரு. ஸ்டேஷனிலிருந்தே பர்ப்பிள் லைன் மெட்ரோ. திரும்ப இரவு மெயில். ரயிலில் போதையில் ரகளை செய்தாலும் சட்டம் உண்டு. சனிக்கிழமையைவிட வார நாள் மதியம் நல்லது. கூட்டம் இல்லாதபோதுதான் பீர் தயாரிப்பவரிடம் நாலு வார்த்தை பேச முடியும். 21 வயது ஆகாதவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மதியம் எம்.ஜி. ரோடு பக்கம் மக்ராத் ரோட்டில் 2012இல் தொடங்கிய ஆர்பர் ப்ரூவரி. மாலை இந்திராநகர் 100 அடி ரோட்டில் 2010இல் வந்த டாயிட் ப்ரூவரி. இடையில் ஹலசூரு, நம்மவர் வாயில் அல்சூர். பழைய கண்டோன்மென்ட் காலத்துத் தமிழர் பகுதி, சோமேஸ்வரர் கோயில், ஏரி. ஏரிக்கரையில் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலை. பதிலுக்கு நம் அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை வைத்தோம். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் எழுதியவர் இரண்டு ப்ரூவரிக்கு நடுவே நிற்கிறார், கும்பிட்டுவிட்டு நடங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், வயிற்றுக்கும் ஏதாவது போடுங்கள்.

பீரில் ஊரைத் தேடுவதாக இருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ வெளிநாடு, முளைகட்டிய தானியமான மால்ட்டிலும் நிறைய அப்படித்தான். காவிரித் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தள்ளித் தொரேக்காடனஹள்ளியிலிருந்து மேலே ஏற்றப்பட்டு வந்தாலும், பல ப்ரூவரிகள் அதை ஆர்.ஓ. செய்து, தாது உப்புகளைத் தாங்களே அளந்து சேர்க்கின்றன. மண்வாசனை வருவது மேலே சேர்க்கும் கேழ்வரகு, குடகுக் காப்பி, வெல்லம், ஏப்ரல், மே மாத மாம்பழம் இவற்றில்தான். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, "இந்த சீசனுக்கு டேப்பில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள்.

வரிசை முக்கியம். கோதுமை பீர், தெளிந்த லாகர், பிறகு கொஞ்சம் கனமான ஏல், வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு ஸ்டவுட், கடைசியில் ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. அதன் ஹாப்ஸ் கசப்பு நாக்கில் தங்கிவிடும், முதலில் குடித்தால் மற்றவை எல்லாம் தண்ணீர்போல் தெரியும். ஸ்டவுட்டை வந்ததும் குடிக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், குளிர் குறைந்தால்தான் காப்பி, சாக்லேட் மணம் எழும். ஃப்ரீசரில் வைத்த கோப்பை தந்தால் சாதாரணக் கோப்பை கேளுங்கள்.

ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது அந்த ஈஸ்ட்டின் குணம்; கலங்கலாக இருப்பதும் சரிதான். ஆனால் லாகரில் வெண்ணெய் வாசம் வந்தால், ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் பீரை இறக்கியிருக்கலாம், அல்லது டேப் குழாய் அழுக்கு. வெளிர் பீரில் வேகவைத்த சோள வாசம் தூக்கினால், காய்ச்சும்போது கொதி போதவில்லை. எதிர்பாராத புளிப்பு பாக்டீரியாவின் வேலை. டெட்டால்போல் மணந்தால் தண்ணீரில் குளோரின். இவற்றில் எது இருந்தாலும் சாம்பிளரிலேயே சொல்லி வேறு கேளுங்கள். பெரிய கோப்பை வந்தபின் முகம் சுளித்துப் பயனில்லை.

பாட்டிலில் பிடித்துக்கொண்டு வர ஆசைப்படாதீர்கள். அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். அதோடு பாஸ்டரைஸ் செய்யாத பீர், ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் சூடேறி, நுரை செத்துப் போயிருக்கும்.